நடு வகிடும் போன் டாக்டரும்

நான் ஒருமுறை ஆறு வாரம் கர்ப்பமாக இருந்தேன். வயிற்றில் ஒன்றுமே இல்லாமல். தலைக்கு மேலும் அப்போது அதிகமாக ஒன்றும் இல்லை. (உள்ளேயும் இல்லை என்பது என் வீட்டுக்காரரின் கருத்து.) இந்தச் சங்கதி எங்கள் தோட்டம் முழுக்கத் தெரியும் என்பதால் இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. மலேசியாவில் பகாவ் பட்டணத்திலிருந்து முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் சேகர் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். எனக்கு ஆயாக்கொட்டகையில் வேலை. காலையில் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள், மதியம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். பதினோரு பிள்ளைகளுக்குச் சோறூட்டி, மூக்குத் துடைத்து, தூங்கவைப்பேன். எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடந்த கூத்து முழுக்க இதனால் வந்ததுதான்.

ஆரம்பித்து வைத்தது ஒரு புகைப்படம். பகாவில் ஒரு கல்யாணம். படம் பிடிக்க வந்தவர் கலைநயம் உள்ளவர் போலிருக்கிறது, மண்டபத்து மாடியில் ஏறி நின்று பந்தியை மேலிருந்து எடுத்தார். மறுநாள் அது குடும்ப வாட்ஸ்அப்பில் வந்தது. யாரோ ஒரு சின்னப்பெண், "அந்த நீலச் சேலை பாட்டி யாரு? தலையில வெள்ளையா ஏதோ கொட்டிக் கெடக்கு" என்று எழுதியிருந்தாள். நீலச் சேலை நான். வெள்ளையாகத் தெரிந்தது என் நடு வகிடு. அதில் என் வீட்டுக்காரர் டிராக்டரைத் தாராளமாக ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வரலாம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. செம்பருத்தி அரைத்துத் தேய்த்தேன். வெங்காயச் சாறு தேய்த்தேன். பிள்ளைகள் என் மடியில் உட்கார மறுத்தன. கடைசியில் புருவப் பென்சிலால் வகிட்டைக் கறுப்பாக நிரப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது. பத்து மணிக்கெல்லாம் நெற்றி வழியாகக் கறுப்பு இறங்கி, நான் ஊட்டிக்கொண்டிருந்த கஞ்சியில் சொட்டியது. பிள்ளை அதையும் சேர்த்துச் சாப்பிட்டது. அதன் பிறகு தலைக்குத் துணி கட்ட ஆரம்பித்தேன், கொட்டகையில் தூசி என்று காரணம் சொல்லிக்கொண்டு.

தோட்டத்து மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக ஒரு டிரெசர் இருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு மனைவி இருக்கிறார், காலையில் அவரிடம் சொன்னது மதியம் பிள்ளை தூக்க வருகிறவர்கள் வாயில் இருக்கும். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் லீவு எடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே எதற்குப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்ல வேண்டும். அத்தை என்றால் என் மாமியார், எங்களோடுதான் இருக்கிறார். முப்பது வருஷம் தோட்ட வேலை பார்த்தவர். கணவரைச் சீக்கிரமே இழந்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். அவருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி இருந்தது. அது என்னவென்று சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே போன் டாக்டர். முடிக்கு ஆன்லைனில் டாக்டர், வீட்டிலிருந்தபடியே பேசலாம், ரகசியம் காக்கப்படும் என்று விளம்பரம் வந்தது. அதை எழுதியவர் எங்கள் தோட்டத்தைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் குளியலறைக் கூரையில் ஏற வேண்டும். வீடியோ அறுந்துபோகாமல் நிற்கும் இடம் தோட்டத்திலேயே ஒன்றுதான்: பெரட்டுக் களம். விடியுமுன் எல்லோரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார்களே, அந்த இடம். அங்கே ஆபீஸ் சுவரை ஒட்டிய கடைசி பெஞ்சு. தோட்டத்திலேயே பெரிய பொது இடம் எதுவோ, அங்கே உட்கார்ந்துதான் என் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மதியத்துக்கு முன் பிள்ளைகள் தூங்கும் நேரமாகப் பார்த்து, உதவிக்கு இருந்த பெண்ணைக் காவல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். டாக்டர் ஒரு இளம் மலாய்ப் பெண். தலையை அழகாக துடோங் போட்டு மூடியிருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. மலாயில் எல்லாம் விசாரித்துவிட்டு, "புவான்," என்று மரியாதை வைத்து அழைத்து, "உச்சந்தலையைக் காட்டுங்கள்" என்றார். போனைத் தண்ணீர் போத்தலில் சாய்த்துவைத்து, துணியை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் வகிட்டைப் பிரித்துக் குனிந்தேன். இன்னும் கீழே என்றார். இன்னும் குனிந்தேன். வெளிச்சம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் என்றார். நெற்றி பெஞ்சில் முட்டியது. அந்தக் கோலத்தில் ஒரு நிமிஷம் இருந்துவிட்டு நிமிர்ந்தால், பத்தடி தூரத்தில் களைக்கு மருந்து அடிக்கும் பெண்கள் நாலு பேர் முதுகில் மருந்து நிரப்பிய தோம்போடு நிற்கிறார்கள். அவசரமாகத் துணியைச் சுற்றிக்கொண்டேன். நல்லவேளை, பின்பக்கமாக வந்ததால் தலையைப் பார்க்கவில்லை. குனிந்ததைத்தான் பார்த்தார்கள்.

"யாரு தேவி அது, போன்ல? சாமியாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் மல்லிகாக்கா. அந்தக் கும்பலுக்குத் தலைவி அவர்தான்.

"ஆமாக்கா."

(என்னைக் கேட்காதீர்கள். வாயில் வந்துவிட்டது.)

"கோலாலம்பூரா?"

"ஆமாக்கா."

"புள்ள வரம் குடுப்பாராமா?"

நான் துணியின் முடிச்சை இறுக்கினேன். மல்லிகாக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, "கண்டிப்பா குடுப்பாரு லா, கவலப்படாத" என்றார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் மிச்சத்தைச் சொன்னார். தலையில் தடவ ஒரு தைலம், விழுங்க ஒரு மாத்திரை. தைலம் போட ஆரம்பித்ததும் முதல் சில வாரம் முடி இன்னும் அதிகமாகக் கொட்டலாம், பயப்படக் கூடாது. மாத்திரை சாப்பிடும்போது மட்டும் கர்ப்பமாகக் கூடாது, சிசுவுக்கு ஆபத்து. அதனால் மாதாமாதம் சிறுநீரைச் சோதித்துப் படம் அனுப்ப வேண்டும். பிள்ளைக்கு முயற்சி செய்கிறீர்களா என்று கேட்டார். நாலு வருஷமாக என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு, ஆறு மாதம் மருந்து எடுத்துவிட்டு நிறுத்தலாம், கணவரிடம் பேசிவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றார்.

சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். அவர் பூட்சிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். "ஆறு மாசம்தானே. நாலு வருஷம் பாத்தாச்சு," என்றார், தலையை நிமிர்த்தாமலே. அம்மாவிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அது.

முதல் மாதம் பிரச்சினை இல்லை. இரண்டாம் மாதம் சோதனை முடித்துப் படமெடுத்தேன், பெரட்டுக் களத்துக்கு ஓடிப்போய் அனுப்பினேன். சோதித்த குச்சியைத்தான் குளியலறை ஜன்னல் கட்டையில் மறந்து வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றுகொண்டிருந்தார். விபூதியை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார். ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால்தான் உண்டு. அந்தக் கணக்கெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்?

"கோடு உளுந்திருக்கும்மா," என்றார்.

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது மூன்றே வார்த்தை: அது முடிக்கு அத்தே. சொல்லியிருந்தால் அடுத்து, பிள்ளையே வேண்டாமென்று மருந்து தின்கிறாயா என்று கேட்பார்.

"இன்னும் உறுதியா தெரியல அத்தே," என்றேன்.

அவர் குச்சியை மெதுவாக ஜன்னலில் வைத்தார். கைகால் கழுவினார். நடுப்பகலில் போய்ச் சாமி விளக்கை ஏற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து அழுதார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். நானும் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"நீ சொல்லு," என்றார் சேகர் ராத்திரி.

"உங்க அம்மா. நீங்க சொல்லுங்க."

"விளக்கு ஏத்திட்டாங்க. நா எப்டி சொல்றது?"

இப்படியே பேசிக்கொண்டிருந்ததில் ராத்திரி போய்விட்டது. பெரட்டில் பேர் கூப்பிடுமுன் அத்தை வாயால் தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. கோலாலம்பூர் சாமியாரின் மகிமையை மல்லிகாக்கா விளக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சேகர் முடிவெட்ட பகாவுக்குப் போக மோட்டர் சைக்கிளை எடுத்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வெட்டுகிற ஆள். அத்தை மோட்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க?"

"முடிவெட்ட."

"பொண்டாட்டி முழுகாம இருக்கா. புருஷன் தலையில கத்தி வைக்கலாமா? எறங்கு."

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கணவன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சேகர் என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். அவர் மோட்டரைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

அதன் பிறகு அந்த மனிதருக்கு வளர்ந்தது பாருங்கள் முடி. நான் மாதம் தவறாமல் காசு கட்டி, தைலம் தடவி, மாத்திரை விழுங்கி ஒரு முடிக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் சும்மா டிராக்டரில் உட்கார்ந்திருந்தார், அது பாட்டுக்குச் செழித்தது. நாலாவது வாரம் தொப்பி தலையில் உட்கார மறுத்தது. தாடி வேறு. என் தலையிலிருந்து கிளம்பியதெல்லாம் நேராக அவர் தலைக்குப் போய்ச் சேர்ந்ததுபோல இருந்தது. காலையில் அவர் எண்ணெய் வைத்துச் சீவும்போது நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

எனக்கோ டாக்டர் எச்சரித்த கொட்டல் சரியாக அப்போதுதான் தொடங்கியது. குளித்தால் சாக்கடை அடைத்துக்கொள்ளும். ஒருநாள் அத்தை குச்சியால் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"ஆம்பளப் புள்ளதான்," என்றார். "சேகரு வயித்துல இருக்கறப்ப எனக்கும் இப்பிடித்தான் கொத்துக் கொத்தா கொட்டுச்சு."

நான் முடி கொட்டி ஒருவர் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான்.

தோட்டமே எனக்குச் சாப்பாடு போட்டது. மாங்காய் வந்தது, மீன்தலைக் குழம்பு வந்தது, ஒரு வீட்டிலிருந்து முட்டை வைத்த நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, தினமும் வந்தது. வேண்டாமென்றால் மசக்கை என்றார்கள், சாப்பிட்டால் இரண்டு உயிருக்கு என்றார்கள். நாலு கிலோ ஏறினேன். வயிறும் சாட்சி சொல்ல ஆரம்பித்தது.

இதிலெல்லாம் சிரித்துவிடலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைத் தூக்க என்னை விடவில்லை. தாய்மார்கள் சொல்லிவைத்துவிட்டார்கள், பாரம் தூக்கக்கூடாதாம். பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், உதவிக்காரப் பெண் ஓடிவந்து தூக்கிக்கொள்வாள். இருந்த பதினொன்றும் போயின, இல்லாத ஒன்றுக்காக. ஒருநாள் கஞ்சி கிண்டிக்கொண்டிருக்கும்போது என் இடது கை வயிற்றில் இருப்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக அங்கே இருந்ததென்று தெரியவில்லை. சட்டென்று எடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை, இருந்தும் எனக்கு அவமானமாக இருந்தது.

அத்தை விடவில்லை. சுகாதாரக் கிளினிக்கில் பேர் பதிய வேண்டும், கர்ப்பிணிகளுக்குத் தரும் ரோஸ் நிறப் புத்தகம் வாங்க வேண்டும் என்று நச்சரித்தார். தப்பிக்க வேறு வழி தெரியாமல், "போன் டாக்டர் பாத்துக்கறாங்க அத்தே, இப்ப எல்லாம் அப்பிடித்தான்" என்றேன். எவ்வளவு புத்திசாலித்தனமான பதில் என்று அன்று முழுவதும் என்னையே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் மாத வீடியோவுக்கு நான் கிளம்பினால், அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "எம்பேரனப் பாக்கற டாக்டர நா பாக்கவேணாமா?" என்றார். வயிறு வலிக்கிறது என்றேன். அப்படியானால் கட்டாயம் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும் என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

பெஞ்சில் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தார். டாக்டர் வந்ததும் இரண்டு கையையும் கூப்பினார். அத்தைக்கு என்னைவிட நல்ல மலாய் வரும், பக்கத்து மலாய்க் கம்பத்துக்காரர்களோடு முப்பது வருஷம் பழகியவர்.

"மாச்சிக், வணக்கம்," என்று அத்தையைப் பெரியம்மா முறை வைத்து அழைத்துச் சிரித்துவிட்டு, டாக்டர் என்னைக் கேட்டார்: "முடி எப்படி இருக்கிறது? தலையைக் காட்டுங்கள்."

பிரசவ டாக்டர் எதற்குத் தலையைப் பார்க்கிறார் என்று அத்தை யோசிப்பது தெரிந்தது. வேறு வழியில்லை. துணியை அவிழ்த்துக் குனிந்தேன். அத்தை என் உச்சந்தலையை முதன்முறையாகப் பார்த்தார். என் முகம் பெஞ்சுக்கு நேராக இருந்ததால் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மூச்சு இழுத்தது மட்டும் கேட்டது.

"புதிய முடி கொஞ்சம் வந்திருக்கிறது," என்றார் டாக்டர். "மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறீர்கள், இல்லையா? கர்ப்பம் இல்லையே?"

"இருக்கிறது," என்றார் அத்தை, பெருமையாக. "மூன்றாவது மாதம்."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு அவர் பேசிய வேகத்தில் மலாய் பேச யாராலும் முடியாது. மாத்திரையை இந்த நிமிஷமே நிறுத்துங்கள், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இந்த மருந்து சிசுவைப் பாதிக்கும், நான் அன்றே சொன்னேனே, ஏன் புவான் மறைத்தீர்கள், படத்தில் ஒரு கோடுதானே இருந்தது. அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். என்ன மருந்து, எம்பேரனுக்கு என்ன ஆச்சு என்று தமிழிலும் மலாயிலும் மாறி மாறிக் கேட்டார்.

பொய்யெல்லாம் தமிழிலேயே சொல்லியிருந்தேன். உண்மையை மலாயில்தான் சொல்ல வேண்டியிருந்தது, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரியவேண்டுமே. போனைப் பார்த்துச் சொன்னேன். கர்ப்பம் இல்லை டாக்டர். எப்போதும் இல்லை. அத்தை தவறாக நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை.

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். இன்றே மறுபடி சோதித்துப் படம் அனுப்புங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "மாச்சிக், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று தலையைக் குனிந்தார். திரை அணைந்தது.

"அப்ப புள்ள இல்ல," என்றார் அத்தை. கேள்வி இல்லை அது.

"இல்ல அத்தே."

தூரத்தில் மருந்து அடிக்கும் பெண்கள் வருவது தெரிந்தது. என் தலைத்துணி கீழே விழுந்து கிடந்தது. அத்தை அதை எடுத்து உதறி, என் தலையில் போட்டு, பின்னால் இறுக்கி முடிச்சுப் போட்டார். வலித்தது. பிறகு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

மூன்று நாள் பேசவில்லை. தட்டை வைப்பார், சோறு போடுவார், முகத்தைப் பார்க்கமாட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேகரிடம் மட்டும் ஒரு வாக்கியம் சொன்னார்.

"போய் முடிய வெட்டிட்டு வா."

அவரும் ஒட்ட வெட்டிக்கொண்டு, தாடி மழித்துக்கொண்டு வந்தார். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அது என்ன சேதி சொல்லும் என்று. திங்கட்கிழமை பெரட்டில் அந்தத் தலையைப் பார்த்ததும் வேலையை மேற்பார்க்கும் தண்டல் பேர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். பிள்ளை போய்விட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஆறு மணிக்கெல்லாம் மல்லிகாக்கா தலைமையில் எட்டுப் பெண்கள் எங்கள் வாசலில். மல்லிகாக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் எது நிஜம் எது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமான நினைப்பு.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். "அழுவாதீங்க," என்றார். "புள்ள போவல. புள்ளையே இல்ல. முடி கொட்டுதுன்னு மருந்து தின்னா, நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். போய் வேலையப் பாருங்க."

தப்பு முழுவதையும் தன் பேரில் எழுதிக்கொண்டார். நான் மறைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொன்னதில்லை.

மாத்திரையை அந்த வாரமே நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான். தைலத்தை மட்டும் தொடர்ந்தேன், பிள்ளை தங்கினால் அதையும் நிறுத்திவிட வேண்டும் என்ற பேச்சோடு. வருஷம் ஐந்தாகிறது. அதை நிறுத்தவேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை. முடி கொஞ்சம் வந்திருக்கிறது. மாடியிலிருந்து படமெடுத்தால் இப்போது பாட்டி என்று சொல்லமாட்டார்கள், ஆன்ட்டியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

கல்யாணம், காரியம், கோயில் திருவிழா, எங்கே போனாலும் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா, ஏதும் விசேஷம் உண்டா?" என்று ஆரம்பிப்பார்கள். நான் வாயைத் திறக்குமுன் அத்தை எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

"உண்டு உண்டு," என்பார். "எம்மருமவளுக்கு நடு வகிட்டுல நாலு முடி வந்திருக்கு. அதுக்கு வளகாப்பு போடறோம், நீயும் வந்துரு."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் முழுக் கதையையும் சாமியாரிலிருந்து சொல்லுவார்கள், சேகர் தன் மொட்டைத் தலை கட்டத்தைச் சேர்த்துக்கொள்வார், நானும் சிரிப்பேன். அத்தை மட்டும் சிரிக்கமாட்டார். கேள்வி கேட்டவர் வேறு பேச்சுக்குப் போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பார்.